பாலில் கலந்தாலும் மருந்து மருந்துதான்

மாதவிடாய் நிற்கும் வயதில், வடசென்னையின் விம்கோ நகர் போன்ற தொழிற்சாலைப் பகுதியில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வெளியே வெயில், உள்ளே இன்னொரு அனல். முகமும் கழுத்தும் திடீரெனத் திகுதிகுவென்று எரியும். ஜாக்கெட் நனைய வியர்க்கும். சில நிமிடங்களில் அடங்கும். இரவிலும் இதே கதைதான் என்றால் தூக்கம் போச்சு. இதற்குக் கைவைத்தியமாகப் பலர் சொல்வது தண்ணீர்விட்டான் கிழங்கு. நாட்டு மருந்துக் கடைகளில் விரல் நீளத்துக்குக் காய்ந்த கிழங்காகவோ, சதாவரி என்ற பெயரில் பொடியாகவோ, லேகியமாகவோ கிடைக்கும். சாப்பிடலாமா, கூடாதா என்பதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: அதை மருந்தாக நடத்துகிறோமா, வெறும் சத்துப்பொடியாகவா?

கிழங்கில் சதாவரின் எனப்படும் சபோனின்கள் உண்டு. அவை ஈஸ்ட்ரோஜன்போல் ஓரளவு செயல்படக்கூடும் என்பதே நம்பிக்கைக்கு ஆதாரம். ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை, குறுகிய காலத்தவை. ‘சாப்பிட்டேன், எரிச்சல் குறைந்தது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. எனினும் 2004-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் இந்த அனல் வீச்சு பாதிக்குமேல், சுமார் 58 சதவீதம், குறைந்திருந்தது. நாளாக ஆகத் தானாகவும் தணியக்கூடிய தொல்லை இது. குறைந்ததற்கான பெருமை முழுவதையும் கிழங்குக்கே கொடுத்துவிட முடியாது.

தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டார்களே என்பார்கள். உண்மைதான்; ஆனால் வீட்டு வழக்கில் அது பெரும்பாலும் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுத்தது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை விழுங்கும் 50 வயது உடம்புக்கு அந்த அனுபவம் அப்படியே சான்றாகாது. இதே அனலுக்கு டாக்டர்கள் தரும் ஹார்மோன் மாத்திரை மட்டும் ஆபத்தில்லையா என்பது அடுத்த கேள்வி. அந்த மாத்திரை பற்றி 2002-இல் உலகையே பயமுறுத்திய அமெரிக்க ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள் இருக்கும், வேறு தடையில்லாத பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவக் கணிப்பு. அதற்கும் பக்கவிளைவு உண்டு. ஆனால் அது எவ்வளவு என்று அளந்து வைத்திருக்கிறார்கள். கிழங்குக்கு அந்தக் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை.

கணக்கு இல்லாத இடத்தில் எச்சரிக்கை வேண்டும். லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ உண்டு. நீரிழிவு உள்ளவர் இதைக் கவனிக்க வேண்டும். சதாவரியோடு அமுக்கராக் கிழங்கு சேர்ந்த கலவை தைராய்டு அளவை மாற்றலாம். அமுக்கரா அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பொடியை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் துளி ரத்தம் பட்டாலும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கிழங்கு வேண்டும் என்பவர் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் அளவும் காலமும் கேட்டு வாங்கட்டும். அலோபதி டாக்டரிடமும் அந்த டப்பாவைக் காட்டட்டும். சித்த மருத்துவத்துக்கு இதில் அவமரியாதை ஏதுமில்லை. அளவும் பத்தியமும் சொல்லி மருந்து கொடுப்பது அதன் சொந்த முறை; அதை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் வாங்கிவருவது நாம்தான்.