தேய்மானத்தையே அழகாக்கும் எழுத்துரு

தடித்த எழுத்தின் உடலில் கீறல், பொத்தல், மை படாத திட்டு, பிசிறிய விளிம்பு ஆகியவற்றை வேண்டுமென்றே சேர்த்து வடிவமைப்பது சிதைவுத் தோற்ற எழுத்துரு. பத்தி பத்தியாகப் படிப்பதற்கு இது உதவாது. தலைப்பு, பெயர்ப்பலகை, சுவரொட்டி போன்ற பெரிய அளவுகளுக்கே உரியது.

இந்தத் தோற்றத்தின் மூலம் அச்சகங்களில்தான் இருக்கிறது. ஈயத்தில் வார்த்த பெரிய எழுத்துகள் கனமானவை, விலையும் அதிகம். நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் 1827-இல் மர எழுத்துகளை இயந்திரத்தால் பெருமளவில் செதுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பின் சுவரொட்டிகளில் தடித்த மர எழுத்துகள் பெருகின. பல காலம் புழங்கிய மரம் தேய்ந்தது, விளிம்பு உடைந்தது, மை சீராகப் படியவில்லை. ரப்பர் முத்திரையும் தட்டச்சுப்பொறியும் இதேபோல் தத்தம் தடங்களை விட்டன.

கணினி எழுத்துருக்கள் துல்லியமாக வந்தபின், இழந்த அந்தக் கரடுமுரடை வடிவமைப்பாளர்கள் தேடினர். நெதர்லாந்தின் எரிக் வான் பிளாக்லேண்ட் பழைய தட்டச்சு எழுத்துகளைக் கொண்டு 1991-இல் 'டிரிக்சி' எழுத்துருவை வெளியிட்டார். 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் தலைப்பெழுத்தாக வந்ததால் அது உலகப் புகழ்பெற்றது. ரப்பர் முத்திரையின் சாயலில் 'ஸ்டாம்ப் காதிக்' எழுத்துருவை ஜஸ்ட் வான் ராசம் உருவாக்கினார்.

இத்தகைய எழுத்துருக்கள் பெரும்பாலும் தடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. மெல்லிய கோட்டில் ஒரு பொத்தல் விழுந்தாலே எழுத்து அறுந்துவிடும். தடித்த கோடு பல கீறல்களைத் தாங்கும். ஒரே சொல்லில் ஓர் எழுத்து இருமுறை வந்து, இரண்டிலும் ஒரே இடத்தில் கீறல் இருந்தால் செயற்கை வெளிப்பட்டுவிடும். எனவே நல்ல எழுத்துருக்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் மாற்று வடிவங்கள் சேர்க்கப்படுகின்றன. தமிழில் கூடுதல் கவனம் வேண்டும்: புள்ளி அழிந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும், சுழி சிதைந்தால் 'ண', 'ன' வேறுபாடு மங்கும்.

திகில் படச் சுவரொட்டி, ராக் இசை உறை, டி-ஷர்ட், காபிப் பொட்டலம், போராட்டப் பதாகை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். மருந்துச் சீட்டு, அறிவிப்பு, சிறிய அளவிலான வாசகம் ஆகியவற்றுக்குப் பொருந்தாது. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு தலைப்புக்கு இதைப் பயன்படுத்தி, மற்றவற்றைத் தெளிவான எளிய எழுத்துருவில் அமைப்பதே சிறந்தது.