எந்த ஆங்கிலத் தேர்வு எழுதலாம்? பணம் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க!

நர்ஸிங் முடித்து, நான்கு வருடம் வேலையும் பார்த்த ஒருவர் பிரிட்டனில் வேலைக்குப் போக ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பிடிஇ தான் ஈஸி, ரெண்டே நாள்ல ரிசல்ட் வந்துடும்" என்று தோழி சொல்கிறார். நம்பி எழுதுகிறார். நல்ல மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் விண்ணப்பிக்கும்போதுதான் தெரிகிறது, பிரிட்டனின் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் ஏற்பது ஐஇஎல்டிஎஸ் அகாடமிக், ஓஇடி என்ற இரண்டு தேர்வுகளை மட்டும்தான். கட்டிய பணம் போச்சு, படித்த மாதங்களும் போச்சு.

இவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். எது சுலபம் என்று முதலில் பார்த்தார், எதை ஏற்பார்கள் என்று கடைசியில் பார்த்தார். அந்த வரிசைதான் தப்பாகிவிட்டது. பெரும்பாலான தேர்வுகளுக்குக் கட்டணம் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும் நிலையில், சரியான வரிசை எது என்று பார்ப்போம்.

முதலில் மூன்று கேள்விகள்

பயிற்சி மையத்துக்குப் போகும் முன் ஒரு தாளில் இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்க.

1. எதற்காகப் போகிறேன்? படிப்பா, வேலையா, நிரந்தரக் குடியேற்றமா, குடும்பத்தோடு சேரவா?

2. மதிப்பெண்ணைக் கேட்பது யார்? பல்கலைக்கழகமா, விசா தரும் அரசா, நர்ஸ், டாக்டர் போன்ற தொழில்களைப் பதிவு செய்யும் கவுன்சிலா? சிலருக்கு இதில் இரண்டு பேர் கேட்பார்கள். அப்போது இருவரும் ஏற்கும் தேர்வைத்தான் எழுத வேண்டும்.

3. எவ்வளவு கேட்கிறார்கள்? மொத்தம் எவ்வளவு, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது எவ்வளவு?

தேர்வுகள் ஒரு பார்வை

ஐஇஎல்டிஎஸ்: 0 முதல் 9 வரை மதிப்பெண். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். இதில் அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு வகை உண்டு. கேட்டலும் பேசுதலும் இரண்டுக்கும் ஒன்றுதான். வாசித்தலும் எழுதுதலும் மாறும். பொதுவாக உயர்கல்விக்கும் தொழில் பதிவுக்கும் அகாடமிக், குடியேற்றத்துக்கு ஜெனரல். பிரிட்டன் விசாவுக்கென்று 'ஐஇஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ' தனியாக இருக்கிறது. கேள்வித்தாள் முறை ஒன்றுதான் என்றாலும், பதிவு செய்யும்போதே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண ஐஇஎல்டிஎஸ் எழுதிவிட்டுப் பிறகு மாற்ற முடியாது.

பிடிஇ: 10 முதல் 90 வரை. தேர்வு மையத்தில் கணினி முன் உட்கார்ந்து, மைக்கில் பேச வேண்டும். சுமார் இரண்டு மணி நேரம். முடிவு பெரும்பாலும் இரண்டு நாளில் வந்துவிடும். இதிலும் அகாடமிக், பிரிட்டனுக்கான அகாடமிக் யூகேவிஐ, கனடா குடியேற்றத்துக்கான கோர் என்று வகைகள் உண்டு.

டோஃபல் ஐபிடி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நீண்ட காலமாகப் பழக்கமான தேர்வு. பல வருடங்களாக 120-க்கு மதிப்பெண் தரப்பட்டது. 2026 ஜனவரி 21 முதல் 1 முதல் 6 வரையான புதிய அளவு வந்திருக்கிறது. பல்கலைக்கழகம் சொல்லும் எண் எந்த அளவில் இருக்கிறது என்று கவனிங்க.

ஓஇடி: மருத்துவத் துறையினருக்கு மட்டும். நர்ஸ், டாக்டர், பல் மருத்துவர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் உட்பட 12 தொழில்களுக்கு நடத்தப்படுகிறது. பேசுதல் தேர்வில் நோயாளியிடம் பேசுவது போன்ற சூழல் தருவார்கள். எழுதுதலில் பெரும்பாலும் ஒரு நோயாளியைப் பற்றிய பரிந்துரைக் கடிதம் இருக்கும். வார்டில் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை. ஆனால் கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸை விட அதிகம்.

டுவோலிங்கோ இங்கிலீஷ் டெஸ்ட்: வீட்டிலிருந்தே சுமார் ஒரு மணி நேரத்தில் எழுதலாம். மற்ற பெரிய தேர்வுகளின் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்கு ஏற்கின்றன. ஆனால் கனடா குடியேற்றத்துக்கோ ஆஸ்திரேலிய விசாவுக்கோ செல்லாது. "அட்மிஷன் கிடைச்சாச்சு, விசாவும் இதுலயே வந்துடும்" என்று நினைத்துவிடாதீங்க.

எந்த நாட்டுக்கு எது?

அமெரிக்கா: மாணவர் விசாவுக்கென்று தனித் தேர்வு கிடையாது, பல்கலைக்கழகம் கேட்பதைக் கொடுத்தால் போதும். அதனால் முதலில் பல்கலைக்கழகப் பட்டியலைத் தயார் செய்து, அத்தனையும் ஏற்கும் ஒரே தேர்வை எழுதுவது செலவைக் குறைக்கும்.

பிரிட்டன்: பட்டப்படிப்புக்குப் போகிறவர்களின் ஆங்கிலத் திறனைப் பல பல்கலைக்கழகங்கள் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம். அதனால் சாதாரண ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் போதுமானதாக இருக்கலாம். சில இடங்களில் பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கிறார்கள். தேர்வுக்குப் பணம் கட்டும் முன் இதையும் கேட்டுப் பாருங்க. பட்டப்படிப்புக்குக் கீழான படிப்பு என்றால் பிரிட்டன் அரசு அங்கீகரித்த யூகேவிஐ வகைத் தேர்வுதான் வேண்டும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்போருக்கான தகுதி 2026 ஜனவரி 8 முதல் பி1 நிலையிலிருந்து பி2 நிலைக்கு உயர்ந்திருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் யூகேவிஐயில் அது ஒவ்வொரு பகுதியிலும் 5.5. தங்கள் கவுன்சில் ஏற்கும் ஆங்கிலத் தேர்வில் தேறிய டாக்டர், நர்ஸ் போன்றோர் விசாவுக்கென்று மறுபடி எழுத வேண்டியதில்லை. அங்கே இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ முதல் தடவை போகிறவர்களுக்குக் கேட்டல், பேசுதல் மட்டும் கொண்ட ஏ1 நிலைத் தேர்வே போதும். இவர்கள் முழு ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பணமும் நேரமும் செலவழிக்கத் தேவையில்லை.

கனடா: அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கல்லூரிச் சேர்க்கைக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் கேட்பார்கள். ஆனால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்றத்துக்கு ஆங்கிலத்தில் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங், செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் ஆகிய மூன்றில் ஒன்று வேண்டும். படிப்பு முடித்து அங்கேயே வேலை பார்க்கத் தரும் அனுமதிக்கும் 2024 நவம்பர் 1 முதல் மொழித் தகுதி கேட்கிறார்கள். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களுக்குக் கனடா மொழி அளவுகோலில் 7, கல்லூரிப் படிப்புகளுக்குப் பொதுவாக 5. அதற்கும் இந்த மூன்று தேர்வுகள்தான். சேரும்போது எழுதிய அகாடமிக் அங்கே உதவாது. கனடாவில் படிக்கத் திட்டமிடுகிறவர்கள் இன்னொரு தேர்வுக்கான செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்க.

ஆஸ்திரேலியா: ஐஇஎல்டிஎஸ், பிடிஇ அகாடமிக், ஓஇடி உட்படப் பல தேர்வுகளை ஏற்கிறது. வீட்டிலிருந்து எழுதும் எந்தத் தேர்வையும் விசாவுக்கு ஏற்பதில்லை. மாணவர் விசாவுக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் பொதுத் தகுதி 2024 மார்ச்சில் 5.5-லிருந்து 6 ஆக உயர்ந்தது. திறன்சார் குடியேற்றத்தில் ஆங்கிலத்துக்குத் தனிப் புள்ளிகள் உண்டு: ஐஇஎல்டிஎஸ்ஸில் ஒவ்வொரு பகுதியிலும் 7 எடுத்தால் 10 புள்ளி, 8 எடுத்தால் 20 புள்ளி.

மொத்தம் மட்டும் பார்த்தால் போதாது

ஒருவருக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் கேட்டல் 8, வாசித்தல் 7, எழுதுதல் 6, பேசுதல் 6.5 வந்திருக்கிறது. சராசரி 6.875, அதை 7 என்று முழுமையாக்குவார்கள். மொத்தம் 6.5, எதிலும் 6-க்குக் குறையக்கூடாது என்று கேட்கும் பல்கலைக்கழகத்தில் இவருக்கு இடம் உண்டு. ஆனால் பிரிட்டன் நர்ஸிங் கவுன்சில் கேட்பது எழுதுதலில் 6.5, மற்ற மூன்றிலும் 7. அதே மதிப்பெண் அட்டை அங்கே போதாது. கனடா குடியேற்றத்துக்கும் பகுதி வாரியாகத்தான் பார்ப்பார்கள்.

ஐஇஎல்டிஎஸ்ஸைக் கணினியில் எழுதி, ஒரே ஒரு பகுதியில் மட்டும் சறுக்கியவர்கள் 60 நாளுக்குள் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதி இருக்கிறது. அப்படி வாங்கிய மதிப்பெண்ணை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்க.

இப்போது பார்க்கலாம், எது சுலபம்?

இரண்டு மூன்று தேர்வுகளை ஏற்பார்கள் என்று உறுதியான பிறகு, உங்களுக்கு எது வசதி என்று பாருங்க. ஆளைப் பார்த்துப் பேசினால்தான் பேச்சு வரும் என்பவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ் நல்லது. அதிகாரி எதிரே உட்கார்ந்தாலே வாய் ஒட்டிக்கொள்ளும் என்பவர்களுக்கு பிடிஇ பரவாயில்லை. ஆனால் பக்கத்து இருக்கைகளில் மற்றவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதும் கவனம் சிதறக்கூடாது. தட்டச்சு வேகம் குறைவு என்றால் கணினித் தேர்வுக்கு முன் ஒரு மாதமாவது தினமும் பழகுங்க. தேர்வு நடத்தும் நிறுவனங்களின் தளங்களில் இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரு தடவை எழுதிப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

பதிவு செய்யும் முன் சரிபார்க்க

பாஸ்போர்ட்: இந்தியாவில் ஐஇஎல்டிஎஸ், பிடிஇ மையங்களில் அடையாளச் சான்று பாஸ்போர்ட்தான், ஆதார் செல்லாது. முதலில் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டுப் பதிவு செய்யுங்க.

பெயர்: நம் ஊரில் இனிஷியல் ஒரு தலைவலி. பட்டத்தில் ஒரு எழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். தேர்வுப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் கொடுங்க.

தேதி: பெரும்பாலான தேர்வுகளின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் செல்லும். ஆஸ்திரேலியத் திறன்சார் விசாவில் மூன்று ஆண்டு வரை ஏற்கிறார்கள். சீக்கிரமே எழுதி வைத்தால் விண்ணப்பிக்கும் நேரத்தில் காலாவதியாகிவிடலாம். தாமதித்தால் மறுபடி எழுத இடைவெளி இருக்காது. விண்ணப்பக் கடைசி நாளுக்கு மூன்று நான்கு மாதம் முன்பு எழுதுவது நல்லது.

ஆதாரம்: விசா விதிகள் அடிக்கடி மாறும். போனில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தையும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தையும் நீங்களே திறந்து பார்த்து, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

ஏமாறாதீங்க

"தேர்வே எழுத வேண்டாம், சான்றிதழ் கைக்கு வந்துடும்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால் அது மோசடிதான். பல்கலைக்கழகங்களும் விசா அலுவலகங்களும் மதிப்பெண்ணை ஆன்லைனில் நேரடியாகச் சரிபார்க்கின்றன. போலி என்று தெரிந்தால் விசா மறுப்பதோடு நிற்காது, பல ஆண்டுகள் விண்ணப்பிக்கவே தடை வரலாம். தேர்வுக் கட்டணத்தைத் தேர்வு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உங்கள் பெயரிலேயே கட்டுங்க.

வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லும் முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் தேர்வு செய்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு இத்தகைய தேர்வுகளுக்கான பயிற்சி அறிவிப்புகளைத் தாட்கோ வெளியிடுகிறது. அதன் தளத்தைப் பார்த்து வாங்க.

இன்றைக்கே அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதி, போனில் படம் எடுத்து வைங்க. பயிற்சி மையத்தில் "எந்தக் கோர்ஸ் சேரணும்?" என்று அவர்களைக் கேட்க வேண்டியிருக்காது, எனக்கு இதுதான் வேணும் என்று நீங்களே சொல்லலாம்.