எழுதிவைத்தலின் விவேகம்

இலங்கையின் மாத்தளை நகரை அடுத்துள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் மனனம் செய்த பிக்குகளையே அழித்துவிடுமோ என்ற அச்சம் மேலிட, வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த மறைநூலாகிய திரிபிடகம் முதன்முதலாக எழுத்துருப் பெற்றது என்பர். ஞாபகத்தை மாத்திரம் நம்பியிராத அந்த விவேகம் இன்றைய மென்பொருளுக்கும் அவசியமானதே.

கைபேசியில் ஒருவர் பணம் அனுப்பும்போது, அந்த ஒரு கோரிக்கை பல சேவைகளைக் கடந்து செல்கிறது. நேரம், கோரிக்கையின் அடையாள எண், நிகழ்ந்த காரியம் ஆகியவற்றை ஒவ்வொரு சேவையும் ஒரு வரியாக எழுதிவைப்பது லாக். நிமிடத்துக்கு எத்தனை பிழை என்று கணக்கிட்டுச் சொல்வது அளவீடு. அடையாள எண்ணைப் பின்தொடர்ந்து, தாமதம் எந்தச் சேவையில் நேர்ந்தது என்று காட்டுவது தடம். இம்மூன்றையும் கொண்டு உள்நிலையை வெளியிலிருந்தே அறியலாம் என்னும் கருத்துக்கு மூலம், 1960-இல் ருடால்ஃப் கால்மன் கட்டுப்பாட்டியலில் வகுத்த சித்தாந்தமாகும். இவற்றைத் திரட்டப் பொதுமுறை வகுக்கும் ஓப்பன்டெலிமெட்ரி 2019-இல் உருவாயிற்று.

எழுதிவைத்தால் மாத்திரம் போதாது; எழுதியதைக் காக்கவும் வேண்டும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணினி மீது நிகழ்ந்த, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில், காப்புப் பிரதிகளும் பூட்டப்பட்டமையால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் மீட்க இயலாதவாறு அழிந்தன. ஆகவே, லாக்குகளையும் அவை பிறந்த இயந்திரத்திலேயே விட்டுவிடாமல், எவரும் திருத்தவியலாத வேறோரிடத்துக்கு உடனுக்குடன் அனுப்புவதும், கடவுச்சொல் போன்ற அந்தரங்கங்களை அவற்றில் எழுதாதிருப்பதும், விபரீதக் குறி தோன்றியவுடன் பொறுப்பாளரை எச்சரிப்பதும், மக்களின் பணத்தையும் தகவலையும் கையாளும் ஒவ்வொரு நிறுவனத்தின் கடமையாகும்.