பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா?

பல் துலக்கும்போது எச்சிலில் இரத்தம் கலந்து வந்தால் நம்மில் பலர் அந்த இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்கிவிடுகிறோம். சிலர் மருந்துக் கடைக்குப் போய் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி இரண்டு நாள் விழுங்குகிறோம். இரண்டுமே தவறு. ஏன் என்று பார்ப்போம்.

நன்றாகத் துலக்கிய பல்லின் மீதும் சில நிமிடங்களில் எச்சிலில் உள்ள புரதங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். வாயில் மிதக்கும் பாக்டீரியாக்கள் அந்தப் பூச்சில் வந்து ஒட்டுகின்றன. பிறகு பெருகி, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. இதற்குத்தான் 'பயோஃபிலிம்' என்று பெயர். காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் பிசுபிசுவென்று தட்டுப்படுவது இதுவே. நாம் சாப்பிடும் சீனியையும் சில பாக்டீரியாக்கள் பசையாக மாற்றிக்கொள்கின்றன.

நெதர்லாந்தைச் சேர்ந்த லீவன்ஹூக் 1683-ல் தன் பல்லில் இருந்ததைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் உயிரினங்கள் அசைவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். வினிகரால் வாய் கொப்பளித்துப் பார்த்தபோது, படலத்தின் மேற்புறத்தில் இருந்தவை மட்டுமே இறந்ததையும், வினிகர் உள்ளே இறங்காததையும் பின்னர் குறிப்பிட்டார்.

நம் உடலின் காவல் படைக்கும் இதே சிக்கல்தான். ஈறு வழியாக நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. தனியாக மிதக்கும் பாக்டீரியாவை அவை விழுங்கிச் செரித்துவிடும். ஆனால் பசைக்குள் ஒட்டிக்கிடக்கும் ஒரு பெருங்கூட்டத்தை எப்படி விழுங்குவது? முடியாதபோது, தம்மிடமுள்ள நொதிகளையும் நச்சு வேதிப்பொருள்களையும் வெளியே கொட்டுகின்றன. பாக்டீரியாக்களுக்குப் பசை கவசமாகிவிடுகிறது. அடிபடுவது பக்கத்தில் இருக்கும் நம் ஈறுதான். ஈறு சிவப்பதும், வீங்குவதும், இரத்தம் கசிவதும் இதனால்தான்.

போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியா இன்னும் தந்திரமானது. நம் எதிர்ப்புப் புரதங்களை வெட்டிச் சிதைக்கிறது. கசியும் இரத்தத்திலுள்ள இரும்புச் சத்தையே உணவாக்கிக்கொள்கிறது. இந்தப் போர் நீடித்தால், சிலருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து பல் ஆட ஆரம்பிக்கும். கரைந்த எலும்பு தானாக வளர்ந்து பழைய நிலைக்கு வருவதில்லை.

மாத்திரை மட்டும் போதாது என்பதற்கும் காரணம் இதுவே. படலத்தின் அடியில் கிடக்கும் பாக்டீரியாக்கள் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு உறங்கிக் கிடக்கின்றன. வளரும் பாக்டீரியாவைத் தாக்கும் மருந்து அவற்றிடம் எடுபடுவதில்லை. மருந்து நின்றதும் மீண்டும் பெருகிவிடுகின்றன.

அப்படியானால் தீர்வு? படலத்தைத் தேய்த்துக் கலைப்பதுதான். 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் சக ஆய்வாளர்களும் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் குணமாகிவிட்டது.

எனவே இரத்தம் வரும் இடத்தை ஒதுக்காதீர்கள். மென்மையான பிரஷ்ஷால், ஈறும் பல்லும் சேரும் ஓரத்தை அழுத்தாமல் காலையும் இரவும் துலக்குங்கள். மிஸ்வாக் பயன்படுத்துபவர்கள் முன்பற்களோடு நிறுத்திவிடாமல், நார் மிருதுவாகும் வரை மென்று, கடைவாய்ப் பற்களின் உட்புறம் வரை தேய்க்க வேண்டும். படலம் கெட்டியாகிக் காறையாகிவிட்டால் துலக்கினால் போகாது. பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் செய்துகொள்ள வேண்டும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று பயப்படத் தேவையில்லை. பல்லை ஆட்டுவது அந்தக் காறைக்கு அடியில் நடக்கும் போர்தான்.

ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்தில் இரத்தம் நிற்கவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.