பள்ளிக்கூடத் தோட்டம்: பாடமா? வேலையா?



சிவகாசி வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டம் போடலாம் என்று பேச்செடுத்தால், பெற்றோரிடமிருந்து ஒரு கேள்வி வரும். "பிள்ளையைப் படிக்கத்தானே அனுப்புறோம், மம்பட்டி பிடிக்கவா அனுப்புறோம்?" வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு இந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். இதற்குப் பதில் சொல்லாமல் ஒரு விதைகூடப் போடக்கூடாது.

நம்முடையது மழை குறைந்த கரிசல் பூமி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து, 1923-ல் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டனர். பிறகு பட்டாசும் அச்சும் வந்தன. ஊருக்குச் சோறு கிடைத்தது. ஆனால் பிஞ்சுக் கைகளும் அந்த வேலைக்குள் போயின. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்றது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த, பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டத்தை, 1954-ல் முதல்வரான நம் விருதுநகர் காமராஜர் கைவிட்டார். 1956-ல் மதிய உணவைத் தொடங்கினார்.

அப்படியானால் கையால் செய்து கற்பதே தவறா? இல்லை. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியே அதுதானே! நாம் பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் போவதும் அதற்குத்தான். கற்பது எது, உழைப்பது எது என்று கோடு போடத் தெரிய வேண்டும்.

என் கணக்கில் அந்தக் கோடு இதுதான். வெட்டுவது, சுமப்பது, வேலி கட்டுவது எல்லாம் பெரியவர்கள் வேலை. விதைப்பது, அளப்பது, எண்ணுவது, நோட்டில் எழுதுவது பிள்ளைகள் வேலை. வாரத்தில் ஒரு பீரியட் போதும். ஆண், பெண், சாதி பார்க்காமல் எல்லோருக்கும் முறை வர வேண்டும். தண்டனையாக யாரையும் தோட்டத்துக்கு அனுப்பக்கூடாது. விளைந்ததை விற்காமல், அன்றைய சத்துணவிலேயே சேர்த்துப் பிள்ளைகள் தட்டில் போட வேண்டும்.

சரி, பெரியவர்களுக்கு நேரம் ஏது? இங்கேதான் நம்ம ஊர்க் கணக்கு உதவுகிறது. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பார்கள். ஆனால் ஆடியில் பட்டாசு ஆலைகளில் தீபாவளி வேலை மும்முரம். தீபாவளி முடிந்தபின் சில வாரங்கள் ஆலைகளில் வேலை இருக்காது. அதே சமயம்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. ஆட்களும் ஓய்வு, மண்ணும் ஈரம்! தோட்டம் தொடங்க இதைவிட நல்ல நாள் கிடையாது. கரிசல் மண்ணில் மழைநீர் தேங்கி வேர் அழுகும். அதனால் பாத்தியை அரையடி உயர்த்திக் கட்டவும். சிறுகீரை 25 நாளில் தட்டுக்கு வந்துவிடும்.

மழை ஓய்ந்ததும் தண்ணீர்க் கணக்கு. 3 அடிக்கு 10 அடி பாத்தி என்றால் 2.8 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் நாளைக்கு 14 லிட்டர் வேண்டும். 100 பிள்ளைகள் ஆளுக்கு அரை லிட்டரில் தட்டு அலசினால் 50 லிட்டர். மூன்று பாத்திக்குத் தாராளம். சோப்புத் தண்ணீரை மட்டும் பிரித்து வாழைக்கு விடுங்கள்; கீரையில் படக்கூடாது. இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். அதுதான் பாடம்!

இன்னொரு எச்சரிக்கை. பட்டாசுக் கழிவுத் தாளை உரக்குழியில் போடவே கூடாது. அதில் பேரியம் உப்பும் அலுமினியத் தூளும் ஒட்டியிருக்கும்.

பல தோட்டங்கள் சாவது ஏப்ரல், மே விடுமுறையில். ஆகவே மார்ச்சுக்குள் கீரையை முடித்துவிட்டு, முருங்கை, பப்பாளி மட்டும் நிற்கட்டும். அடியில் சருகு போட்டு மூடுங்கள். வாரத்துக்கு இரண்டு வீட்டார் என்று முறைப் பட்டியல் எழுதி, சத்துணவுக் கூடச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளிச் சாவி யாரிடம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சாவி கிடைக்காமல் காய்ந்த செடிக்குத் தண்ணீரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு மத்திய அரசு 2019-ல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விதை பற்றி அங்கே கேட்கலாம். நாம் என்ன செய்யலாம்? சிவில் தோழர்கள் வாய்க்கால் மட்டம் பார்க்கலாம், மெக்கானிக்கல் தோழர்கள் குழாயும் வேலியும் அமைக்கலாம். என்.எஸ்.எஸ். முகாமுக்கு இதைவிடப் பொருத்தமான பணி உண்டா?

தோழர்களே, மம்பட்டியை நாம் பிடிப்போம். பிள்ளைங்க கையில் அளவுகோலும் பென்சிலும் இருக்கட்டும். அப்போது அந்தத் தாயின் கேள்விக்கு நாம் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியிராது.