ரத்தம் முந்திச் சொல்லும் சேதி

ரத்தத்தில் லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய 5 அமினோ அமிலங்கள் கூடியிருந்தால், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். 12 ஆண்டுகள் முன்னரே இது தெரியக்கூடும் என்று 2011-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு காட்டியது. அமினோ அமிலம் புரதத்திலிருந்துதானே வருகிறது? அப்படியானால், கறிக்கோழிக்குப் பேர்போன பல்லடத்தில் கோழிக்கறிதான் குற்றவாளியா என்று கேட்கலாம். அவ்வளவு அவசரம் வேண்டாம். இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாதபோது, இந்த அமிலங்கள் சரியாகச் சிதையாமல் ரத்தத்தில் தேங்குகின்றன. பழியை முழுக்கத் தட்டிலுள்ள புரதத்தின்மேல் போட முடியாது. நம்மவர் தட்டில் புரதமே குறைச்சல்தான். இந்தியர் உணவில் 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்தே வருவதாக 2025-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு கணக்கிட்டது. அதில் சிறு பங்கைப் பருப்பாகவோ பாலாகவோ மாற்றினால் சர்க்கரை நோய் ஆபத்து குறையலாம் என்றும் அது சொல்கிறது. கறியை நிறுத்திவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது.