உயிர் காத்த கடிதம்

விடுதியில் தங்கிப் படிக்கும் உங்கள் பெண் கடுமையான ஜுரத்தில் கிடக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்து அம்மாளோ உங்களுக்கு ஒரு வரிகூடத் தெரிவிக்கவில்லை. நினைக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது, அல்லவா?

இது கதையல்ல, நடந்த சம்பவம். 1783-ல் இங்கிலாந்தில், ஸதாம்ப்டன் துறைமுகப் பட்டினத்தில் காலி என்ற விதவை அம்மாள் ஒரு சிறு பள்ளிக்கூடம் நடத்தி வந்தாள். அங்கே மூன்று பெண்கள் படித்தார்கள். பத்து வயது கஸாண்ட்ரா, அவளை விட்டுப் பிரியாத ஏழு வயதுத் தங்கை ஜேன், இவர்களுடைய பெரியம்மாள் பெண்ணான ஜேன் கூப்பர். ஊரில் விஷ ஜுரம் பரவியது. தங்கை ஜேனுக்கு உயிர் போகும் தறுவாய். அப்போதும் காலி அம்மாள் பெற்றோருக்கு எழுதவில்லை. சுமார் பன்னிரண்டு வயதான ஜேன் கூப்பர்தான் துணிந்து தன் தாய்க்குக் கடிதம் எழுதினாள். தாய்மார் இருவரும் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். குழந்தை பிழைத்தாள்.

பிழைத்த அந்தக் குழந்தைதான், பிற்காலத்தில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' எழுதி உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின்!

இந்தச் சம்பவத்தைக் கருவாக வைத்துக்கொண்டு, கோரா ஹாரிஸன் என்ற எழுத்தாளர் 2010-ல் இளம் பெண்களுக்காக ஒரு நாவல் எழுதினார். 'ஐ வாஸ் ஜேன் ஆஸ்டின்ஸ் பெஸ்ட் ஃப்ரெண்ட்' என்பது அதன் பெயர். 'ஜேன் ஆஸ்டினின் உயிர்த் தோழி நான்' என்று தமிழில் சொல்லலாம். ஜென்னி கூப்பர் எழுதும் நாட்குறிப்பாகவே கதை நடக்கிறது. நடுநடுவே அழகான கோட்டுச் சித்திரங்களும் உண்டு. தோழியின் உயிரைக் காக்க, ஜென்னி நள்ளிரவில் தன்னந்தனியாகத் தெருவில் இறங்குகிறாள். கடிதத்தைச் சேர்ப்பிக்க ஓர் இளம் கடற்படைத் தளபதி உதவுகிறான். பிறகென்ன? நடனங்கள், பாவாடை ரிப்பன், குடும்பக் குறும்புகள், காதல்! கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

ஆனால் நாவலாசிரியை ஒரு சாமர்த்தியம் செய்திருக்கிறார். ஏழு வயதில் நடந்ததை 1791-க்குத் தள்ளிப் பெண்களைப் பதின்பருவத்தினர் ஆக்கிவிட்டார். இது நியாயமா என்று கேட்பீர்கள். ஜேன் ஆஸ்டினின் கடிதங்களில் இன்று நம்மிடம் உள்ள மிகப் பழையது 1796-ல் எழுதியது. அப்போது அவளுக்கு இருபது வயது. பல கடிதங்களை அக்காள் கஸாண்ட்ராவே அழித்துவிட்டாள். ஆகவே, ஜேனின் பதினாறாம் வயது ஒரு பூட்டிய அறை. கற்பனைதான் அதற்குச் சாவி.

அந்த அறையின் சாளரங்கள் மட்டும் திறந்திருக்கின்றன. சிறுமி ஜேன் மூன்று நோட்டுப் புத்தகங்கள் நிறையக் கேலிக் கதைகள் எழுதி வைத்தாள். பாதிரியாரான தந்தையின் திருமணப் பதிவேட்டில், தனக்கும் கற்பனை மாப்பிள்ளைகளுக்கும் கல்யாணம் நடந்ததாக எழுதி விளையாடினாள்! இப்படிப்பட்ட பெண் நாவலில் துடுக்காகப் பேசினால் அதில் ஆச்சரியம் என்ன?

மற்றொரு மாற்றந்தான் என் மனத்தை உறுத்துகிறது. நாவலில் ஜென்னி ஏற்கெனவே தாயற்றவள். உண்மையில், குழந்தைகளை அழைத்துப்போக வந்த அவள் தாய்க்கே அந்த ஜுரம் தொற்றிக்கொண்டது; அதே 1783-ல் இறந்துபோனாள். தங்கையைக் காக்க எழுதிய கடிதம் தாயைப் பலி வாங்கிவிட்டது. அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண், 'எழுதாமல் இருந்திருந்தால்...' என்று எத்தனை இரவுகள் விழித்திருந்தாளோ, யார் கண்டது?

இளம் உள்ளங்களுக்கு இந்தப் பாரம் வேண்டாம் என்று ஆசிரியை எண்ணியிருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நல்லது செய்தவர்களுக்கும் துன்பம் வரும். அதனால் செய்தது தவறாகிவிடாது. இதைப் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டாமா? நாவலை உங்கள் பெண்ணுக்குத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அவள் படித்து முடித்ததும், பக்கத்தில் உட்கார்ந்து இந்த உண்மைக் கதையையும் சொல்லுங்கள்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நிஜ ஜேன் கூப்பர் 1792-ல், கடற்படையைச் சேர்ந்த தாமஸ் வில்லியம்ஸை மணந்தாள். 1798-ல் வண்டி விபத்தில் மாண்டாள். ஜேன் ஆஸ்டினின் முதல் நாவல் அச்சானது 1811-ல்தான். தன் கடிதம் உலகத்துக்கு எதைக் காப்பாற்றித் தந்தது என்பதை அவள் அறியவே இல்லை.

ஆனால் ஓர் ஆறுதல். சிறுமி ஜேன் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய 'ஹென்றி அண்ட் எலைஸா' என்ற கேலிக் கதையை யாருக்குச் சமர்ப்பணம் செய்தாள் தெரியுமா? மிஸ் கூப்பருக்குத்தான்!